மேசையா, தரையா, எர்த்தா? மலிவு வெல்டிங் மேசைக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ வெல்டிங் பழகத் தொடங்குகிற ஒருவர் முதலில் கட்டுகிற மேசை பெரும்பாலும் ஒரே அச்சுத்தான். நாலடிக்கு இரண்டடி. ஒன்றரை அங்குல பொக்ஸ் பாரில் (சதுர இரும்புக் குழாயில்) சட்டமும் நாலு காலும். மேலே, இரும்புக்கடையில் நிறுத்து வாங்கிய வெட்டுத்துண்டுத் தகடு. படலை, ஜன்னல் கிறில், கோழிக்கூடு, தண்ணீர்த் தாங்கிக்கு நிலை என்று ஊரில் வருகிற வேலைக்கு இது தாராளம்.

அதில் வருகிற கோளாறுகளும் ஒரே அச்சுத்தான். அதே முறைப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, போய்ப் பார்த்துச் சரிசெய்து வந்ததில் ஒன்று தெளிவு: மேசை மேல் போடப்படும் பழியில் பாதி மேசைக்கு உரியது அல்ல. தரை, எர்த், வயர், மூலைமட்டம் இவற்றில் ஒன்று பிடிபடும். ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். அது முடியாமல் கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டாம். வெட்டிய காலை நீட்டுவது, வெட்டுவதைவிடப் பெரிய வேலை.

அறிகுறி: மேசை ஆடுகிறது

“அண்ணை, மேசை ஆடுது. ஒரு காலில அரை இஞ்சி வெட்டட்டோ?”

“வெட்டாத. முதல்ல திருப்பி வைச்சுப் பாத்தனியோ?”

நிலத்தில் முட்டாமல் நிற்கிற காலில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். பிறகு மேசையை அப்படியே அரை வட்டம் திருப்பி, கால்கள் பழைய இடங்களிலேயே நிற்கும்படி வையுங்கள்.

*கோடு போட்ட கால் இப்போது ஊன்றி நிற்கிறது, பழைய இடத்துக்கு வந்த வேறொரு கால் தூக்குகிறது என்றால்:* பிழை தரையில். விறாந்தைச் சீமெந்து எல்லா இடமும் ஒரே மட்டமாக இருக்காது. காலுக்குக் கீழே ஒரு தகட்டுத் துண்டு வைத்தால் முடிந்தது. கொட்டிலில் மண் தரை என்றால் கதை வேறு. கோடையில் ஆடாத மேசை, மாரி தொடங்கி நிலம் இளகியதும் ஒரு பக்கம் புதையும். ஒவ்வொரு காலுக்கும் நாலு அங்குலச் சதுரத் தகட்டைப் பாதமாக (வெல்டிங்கால்) ஒட்டுங்கள், அல்லது காலடியில் கொங்கிறீட் கல் பதியுங்கள்.

*எங்கே வைத்தாலும் கோடு போட்ட காலே தூக்குகிறது என்றால்:* பிழை மேசையில். அப்போதும் வெட்ட வேண்டாம். நாலு காலின் அடியிலும் போல்ட் பாதம் வைப்பதுதான் நிரந்தர வழி. சிறு தகட்டில் துளை போட்டு, 16 மி.மீ. நட்டை அதன்மேல் ஒட்டி, நட் காலுக்குள் போகும்படி தகட்டைக் காலின் அடியில் ஒட்ட வேண்டும். நட்டை ஒட்டும்போது போல்ட் உள்ளே இருக்கட்டும். இல்லாவிட்டால் சூட்டில் புரி நெளிந்து பிறகு போல்ட் ஏறாது. கீழே இன்னொரு நட்டைப் போட்டு இறுக்கினால் உயரம் மாறாமல் நிற்கும். எந்தத் தரைக்குத் தூக்கிப்போனாலும் ஸ்பானரால் சரிசெய்யலாம்.

*ஆட்டம் நின்றது, ஆனால் மேற்பரப்பு முறுக்கியிருக்கிறது என்றால்:* இரண்டு நேரான பொக்ஸ் பாரை மேசையின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, குனிந்து ஒரு கண்ணால் பாருங்கள். முன் பாரின் மேல் விளிம்பும் பின் பாரின் மேல் விளிம்பும் ஒன்றோடொன்று படிய வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தால் சட்டம் முறுக்கியிருக்கிறது. கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்றின் ஒரு முனை ஒட்டை வெட்டிவிட்டால், பல மேசைகள் தாமாகவே தளர்ந்து நேராகும். பிறகு மட்டம் பார்த்துத் திரும்ப ஒட்டுங்கள். அப்படியும் விரல் நுழையும் அளவுக்கு முறுக்கு நின்றால், சட்டத்தை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போங்கள். வீட்டில் சுத்தியலால் அடித்து நேராக்கினவரை நான் காணவில்லை.

அறிகுறி: மேல் தகடு பள்ளமாக, அல்லது மேடாக இருக்கிறது

வெயிலில் கிடந்த மேசையை அளக்க வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் மேல் தகடு கை வைக்க முடியாமல் சுடும், கீழ்ச் சட்டம் நிழலில் குளிர்ந்திருக்கும். மேலே நீள்வது கீழே நீளாது, தகடு முதுகு தூக்கும். காலையில் பாருங்கள். சில வேளை கோளாறே இருக்காது.

நேர்விளிம்பாகப் பொக்ஸ் பாரைத்தான் எல்லோரும் வைக்கிறார்கள். அதையும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தை வைத்தபோது நடுவில் இடைவெளி, மறுபக்கத்தைத் திருப்பி வைத்தபோது இரு முனைகளிலும் இடைவெளி என்றால் வளைந்தது பார். இடைவெளியை அளக்க ஹக்சோ பிளேட் போதும். ஒரு பிளேட்டின் தடிப்பு ஏறக்குறைய 0.6 மி.மீ. இரண்டு பிளேட் நுழையும் அளவுவரை படலை, கிறில் வேலைக்குக் கவலை இல்லை.

*பள்ளம், கையால் அழுத்தினால் ‘டொக்’ என்று சத்தம்:* தகடு மெல்லிது, கீழே தாங்கல் இல்லை. 3 அல்லது 4 மி.மீ. தகட்டுக்கு அடிக்கொரு குறுக்குச் சட்டம் வேண்டும். சட்டத்தைச் சேர்த்தால் போதும், தகட்டை மாற்றத் தேவையில்லை.

*நீளவாட்டில் நடு மேடு, முனைகள் கீழே:* இது ஒட்டியவரின் கைவேலை. பலமாக இருக்கட்டும் என்று தகட்டின் அடியில் சுற்றிவரத் தொடர்ச்சியாக ஒட்டியிருப்பார்கள். ஒட்டு ஆறும்போது சுருங்கி முனைகளைக் கீழே இழுக்கும். அந்த ஒட்டுகளைக் கிரைண்டரால் வெட்டி, ஓர் அங்குல நீளம் மட்டும் விட்டு, எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம். புதிதாகக் கட்டுகிறவர் தகட்டை ஒட்டவே வேண்டியதில்லை. சட்டத்தின் உள்பக்கம் எல் அயன் துண்டுகளை ஒட்டி, தலை அமிழும் போல்ட்டால் கீழிருந்து இறுக்கினால், பிறகு தகட்டைக் கழற்றி மறுபக்கம் திருப்பியும் போடலாம்.

*மேடும் பள்ளமும் கலந்து, அலை மாதிரி:* காஸால் வெட்டிய பழைய தகடு. இதில் நேரத்தைப் போடாதீர்கள். காஸ் சூட்டில் தகட்டை நேராக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கூலி புதுத் தகட்டின் விலையை எட்டிவிடும். 6 மி.மீ. தகடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 47 கிலோ. நாலுக்கு இரண்டு துண்டு 35 கிலோ வரும். கடையில் கிலோவுக்கு என்ன விலை என்று கேட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதுவும் கட்டாவிட்டால் முழுத் தகட்டை விடுங்கள். தடித்த பட்டை இரும்பையோ எல் அயனையோ இரண்டு அங்குல இடைவெளி விட்டு வரிசையாகப் பதித்தால் மேற்பரப்பு ஆகிவிடும். இடைவெளிக்குள்ளால் கிளம்ப் போகும், கசடும் கீழே விழும். தொடக்கக்காரருக்கு இதுதான் என் தெரிவு.

அறிகுறி: ஆர்க் பிடிக்கவில்லை, ரொட் ஒட்டிக்கொள்கிறது, விட்டுவிட்டு எரிகிறது

அதிகம் வருகிற முறைப்பாடு இது. கேட்கிறவர் வெல்டிங் பிளான்ட் பழுதென்று முடிவுகட்டி, திருப்பிக் கொடுக்க பில்லைத் தேடிக்கொண்டிருப்பார். இந்த ஒழுங்கில் பாருங்கள்.

*முதலில் எர்த் கிளம்பை (ரொட் பிடிக்கும் ஹோல்டரின் கேபிள் அல்லாத மற்றக் கேபிளின் கவ்வியை) மேசையிலிருந்து கழற்றி, ஒட்டப்போகிற இரும்பிலேயே நேராகப் போடுங்கள்.* ஆர்க் ஒழுங்காக எரிந்தால் பிளான்ட்டில் பிழையில்லை. மின்சாரம் மேசைக்குள்ளால் வரவில்லை. மேசையில் பெயின்ற் இருக்கும், அல்லது புதுத் தகட்டின் மேலிருக்கும் நீலச் சாம்பல் நிறத் தோல் உரிக்கப்படாமல் இருக்கும். அந்தத் தோல் மின்சாரத்தை நன்றாக விடாது. மேற்பரப்பைக் கிரைண்டரால் மினுங்கத் தீட்டுங்கள். போல்ட்டால் பூட்டிய தகடு என்றால் தகட்டிலேயே எர்த் எடுங்கள், சட்டத்தில் எடுக்காதீர்கள். மேசை ஓரத்தில் கையகலப் பட்டை இரும்பொன்றை ஒட்டி, பெயின்ற் படாமல் வைத்து, கிளம்புக்கென்றே விட்டுவிடுங்கள். மேசைக்குப் பெயின்ற் வேண்டுமானால் காலுக்கு மட்டும் அடியுங்கள்.

*இரும்பில் நேராகப் போட்டும் விட்டுவிட்டு எரிகிறது:* பிளான்ட்டை நிறுத்திவிட்டு, கிளம்பில் கேபிள் பூட்டிய இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே மட்டும் சூடு என்றால் பூட்டு தளர்வு. மலிவுக் கிளம்புகளில் செப்புக் கம்பியை ஒரு சின்ன ஸ்குரூ மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். கேபிள் முனையைச் சுரண்டி, லக் (போல்ட் போகத் துளையுள்ள கேபிள் முனை) போட்டு, போல்ட்டால் இறுக்குங்கள். ஹோல்டர் பக்கமும் அதேதான். பிளான்ட்டில் செருகிய முனையைத் திருகிப் பூட்டினீர்களா என்றும் பாருங்கள், வெறுமனே செருகிவிட்டு ஒட்டுகிறவர்கள் உண்டு.

*சூடு இல்லை, ஆனால் ரொட் ஒட்டிக்கொள்கிறது:* 2.5 மி.மீ. 6013 வகை ரொட்டுக்கு 60 முதல் 90 அம்பியர்வரை, 3.2க்கு 90 முதல் 130வரை. பொக்ஸ் பார் மெல்லிது என்று பயந்து 50இல் வைத்தால் ஒட்டத்தான் செய்யும். அடுத்தது ரொட். மார்கழியில் கொட்டிலில் திறந்து கிடந்த பெட்டியிலிருந்து எடுத்த ரொட் எரியும்போது சீறும், மேற்பூச்சு செதில் செதிலாகக் கழரும், ஒட்டில் ஊசித்துளை விழும். புதுப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து எரித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பழையதை 100 பாகை செல்சியஸ் அளவில் ஒரு மணித்தியாலம் உலர்த்தி, மூடி இறுகும் வாளிக்குள் வையுங்கள்.

*பகலில் நன்றாக எரிகிறது, பின்னேரம் எரியவில்லை:* இது ரோட்டோரக் கடைகளைவிட உள்ளூர்க் கிராமங்களில் அதிகம். ட்ரான்ஸ்போமரிலிருந்து வீடு தூரமானால், ஊர் முழுக்க விளக்குப் போடுகிற மாலை ஆறரை முதல் பத்தரைவரை வோல்ட் இறங்கும். அதே லைனில் உள்ள இன்னொரு பிளக்கில் மல்ட்டிமீற்றரைச் செருகி, ஒருவர் ஒட்ட மற்றவர் அளவைப் பார்க்கட்டும். 230 வர வேண்டியது, ஒட்டத் தொடங்க முன்னரே 200க்குக் கீழே நின்றால் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் முறையிடுங்கள். அதுவரை பகலில் வேலை செய்யுங்கள். சும்மா நிற்கும்போது சரியாகக் காட்டி, ஆர்க் பிடித்ததும் சடாரென்று விழுந்தால் பிழை பெரும்பாலும் உங்கள் வயரில். எக்ஸ்டென்சன் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையக்கூடாது. சுருளோடு வைத்து ஒட்டாதீர்கள், முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள். சுருள் உள்ளுக்குள் வெந்து பிளாஸ்ரிக் உருகும்.

இவ்வளவும் சரியாக இருந்து, வேறொருவரின் கேபிளையும் ரொட்டையும் போட்டுப் பார்த்தும் எரியவில்லை என்றால்தான் பிளான்ட்டைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போக வேண்டும். மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். உள்ளேயுள்ள கொண்டென்சர்கள் பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னைப் பிடித்து வைத்திருக்கும்.

அறிகுறி: மேசையைத் தொட்டால் கடிக்கிறது

இங்கே மட்டும் ஒழுங்கு மாறுகிறது. வேலையை நிறுத்தி மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். ‘சின்னக் கடிதானே’ என்று செருப்பைப் போட்டுக்கொண்டு தொடர வேண்டாம்.

நீங்களாகப் பார்க்கக்கூடியது இவ்வளவுதான். ஹோல்டரின் கைபிடி வெடித்திருக்கிறதா, கேபிள் தோல் உரிந்து மேசைக் காலில் படுகிறதா, கையுறை வியர்வையில் நனைந்திருக்கிறதா, தரை ஈரமா. ஒட்டாமல் நிற்கும்போதே ஹோல்டருக்கும் மேசைக்கும் இடையே 50 முதல் 80 வோல்ட்வரை நிற்கும். நனைந்த கையுறைக்கு அது போதும். உலர்ந்த தரை, காய்ந்த கையுறை, நல்ல ஹோல்டர் என்று மாற்றியும் கடித்தால், அல்லது பிளான்ட்டைப் போட்டு ஒட்டாமல் மேசையைத் தொட்டாலே கடித்தால், மெயின் மின்சாரம் மேசைக்கு வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கில் எர்த் வயர் பூட்டாமல் விட்டிருப்பது, வீட்டு எர்த் கம்பி அறுந்திருப்பது, கிரைண்டரில் மின்சாரம் கசிவது எதுவாகவும் இருக்கலாம். என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் உள்ள மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். டெஸ்ரர் மினுங்கவில்லை என்பதை நம்பித் திரும்பத் தொடாதீர்கள்.

யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல் மெயினை அணைத்து, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

அறிகுறி: ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

எப்போது விழுகிறது என்று பாருங்கள். பிளான்ட்டைப் போட்ட உடனே, ஒட்டத் தொடங்காமலே விழுந்தால் கசிவு. மேலே சொன்ன மின்னியலாளர்தான். வீட்டு ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் 30 மில்லிஅம்பியர் கசிவுக்கே விழும். அதைக் கழற்றி நேரடியாகப் பூட்டித் தரச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள்.

கொஞ்ச நேரம் ஒட்டிய பிறகு விழுவது சின்ன பிரேக்கர் என்றால் சுமை கூட. அந்த லைனில் தண்ணீர் மோட்டர் ஓடுகிறதா? 2.5 ரொட்டுக்கு இறங்குங்கள். 3.2 ரொட்டைப் போட்டு 120 அம்பியருக்கு ஏற்றினால் 13 அம்பியர் பிளக் தாங்காது. அந்த வேலை தொடர்ந்து வருமென்றால் மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். ட்ரிப் விழாமல் பிளான்ட்டில் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் அது சூடேறி ஓய்வு கேட்கிறது. விசிறி ஓடட்டும், நீங்களும் ஒரு பிளேன்ரீ குடியுங்கள்.

அறிகுறி: மேசை மட்டம், ஆனால் செய்த படலை கோணல்

மூலைமட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். தகட்டின் நேர் விளிம்பில் வைத்து ஒரு கோடு, மறுபக்கம் திருப்பி அதே புள்ளியில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படியாவிட்டால் மூலைமட்டம் பழுது. விழுந்து அடிபட்டது எதுவும் நம்பக்கூடாது. மூலைமட்டம் இல்லாமலும் சமாளிக்கலாம்: ஒரு பக்கம் மூன்றடி, மற்றப் பக்கம் நாலடி அளந்தால் குறுக்கே சரியாக ஐந்தடி வர வேண்டும்.

மூலைமட்டம் சரி என்றால் ஒட்டின ஒழுங்கைப் பாருங்கள். ஒரு மூலையை முழுதாக ஒட்டி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கோணும். நாலு மூலையையும் பொட்டுப் பொட்டாக மட்டும் பிடித்து, குறுக்களவு இரண்டும் ஒன்றா என்று பார்த்து, பிறகு எதிரெதிர் மூலையாக ஒட்டுங்கள். கிளம்பை ஆறிய பிறகு கழற்றுங்கள்.

அறிகுறி: கால் ஒட்டு வெடிக்கிறது, கழருகிறது

ஒட்டு, இரும்பின் மேல் உருண்டையாக உட்கார்ந்திருந்தால் சூடு காணாது. துருவையும் பெயின்றையும் தீட்டாமல் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். வெட்டி, மினுங்கத் தீட்டி, திரும்ப ஒட்டுங்கள். மாறாக ஓட்டை விழுகிறதென்றால் பொக்ஸ் பார் மெல்லிது. அம்பியரைக் குறைத்து, ரொட்டை நெகட்டிவ் பக்கம் மாற்றிப் பொட்டுப் பொட்டாக நிரப்புங்கள். மூலைகளுக்கு முக்கோணத் தகடு போட்டால் கால் அசையாது.

நன்றாக ஒட்டியும் ஓரத்தில் முடிமாதிரி வெடிப்பு ஓடினால் இரும்பு வேறு. கட்டிடக் கம்பி, பழைய வண்டி அச்சு, வில் தகடு இவற்றைக் காலாகப் போடும்போது இது வரும். 6013 அதற்குச் சரிவராது. லேத் பட்டறையில் கேளுங்கள், அல்லது அந்தக் காலை எறிந்துவிட்டு சாதாரண பொக்ஸ் பார் வாங்குங்கள்.

பழைய இரும்பு என்றதும் இங்கே சொல்ல வேண்டியது ஒன்று. துத்தநாகம் பூசிய வெளுத்த ஜீ.ஐ. குழாயை ஒட்டினால் எழும் வெள்ளைப் புகை துத்தநாகப் புகை. அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். ஒட்டும் இடத்தில் பூச்சைத் தீட்டி, காற்றோட்டமாக இருந்து செய்யுங்கள். மூடிய எண்ணெய் பரலைக் காலாகவோ அடித்தளமாகவோ வைத்து ஒட்டவோ வெட்டவோ வேண்டாம், வெடிக்கும். எல்லாவற்றிலும் பெரிது: காணி துப்புரவாக்கும்போது, கிணறு தோண்டும்போது கிளம்பிய கனமான குழாய், உருளை, ‘என்னவென்று தெரியாத நல்ல இரும்பு’. போர் 2009இல் முடிந்தாலும் வன்னி மண் இன்னும் முழுதாகத் துப்புரவாகவில்லை. அதைத் தூக்க வேண்டாம், தட்ட வேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டு 119இல் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

அறிகுறி: மேசை கரடாகிவிட்டது, வேலை மேசையோடு ஒட்டிக்கொள்கிறது, துரு

தெறித்து ஒட்டிய பொரியை (உருகிய இரும்புத் துளிகளை) சூடு ஆறியதும் அகல உளியால் படுக்கவைத்துத் தள்ளினால் போய்விடும். கட்டிங் டிஸ்கால் தீட்டினால் குழி விழும், ஃபிளாப் டிஸ்க் போதும். வேலை தொடங்க முன் சுண்ணாம்புத் தண்ணீரை மெல்லிதாகப் பூசிக் காயவிட்டால் பொரி அதிகம் பிடிக்காது. எர்த் பிடிக்கிற ஓரத்தில் பூச வேண்டாம். கழிவு எண்ணெய் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். புகை தாங்காது, ஒட்டிலும் துளை விழும்.

வேலையைத் தகட்டின் மேல் நேராகக் கிடத்தாமல் இரண்டு பட்டை இரும்பின் மேல் தூக்கி வைத்தால் மேசையோடு ஒட்டாது. ஒட்டிவிட்டால் சுத்தியலால் அடித்துப் பிடுங்காதீர்கள், தகடு பள்ளமாகும். ஹக்சோ பிளேட்டை இடையில் விட்டு அறுங்கள். மாரியில் கிழமைக்கொரு தரம் கம்பித் தூரிகையால் தேய்த்து மெல்லிதாக எண்ணெய் தடவி வையுங்கள், ஒட்டத் தொடங்க முன் காய்ந்த துணியால் அந்த எண்ணெயை முழுதாகத் துடைத்துவிட வேண்டும்.